பெக்கோ துணி உலர்த்தும் மெஷின்: நுவரெலியாவிலிருந்து ஒரு மதிப்பீடு

பெக்கோ 8 கிலோ ஹீட் பம்ப் டிரையர் வாங்கலாமா என்று கேட்டு நானுஓயா, ஹற்றன், பண்டாரவளைப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருப்பவர்கள் என்னை அடிக்கடி கூப்பிடுகிறார்கள். முன்பெல்லாம் கேள்வி மெஷினைப் பற்றி மட்டும்தான் இருக்கும். கரண்ட் எவ்வளவு இழுக்கும், பெட்ஷீட் சுருங்குமா, துவாய் மெத்தென்று வருமா. இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "அக்கா, அந்தக் கம்பனி ஐரோப்பாவுல ஃபெக்டரிகளை மூடி ஆயிரக்கணக்குல ஆட்களை நிப்பாட்டுதாமே, இனி அதை நம்பி வாங்கலாமா?" இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். மெஷினைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு, அதைச் செய்த கைகளைப் பற்றிப் பேசாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் மெஷின்.

நுவரெலியா டவுனில் சின்ன லொண்டரி நடத்துகிறேன். கெஸ்ட் ஹவுஸ்களின் பெட்ஷீட், தலையணை உறை, துவாய், இவைதான் என் பிழைப்பு. எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் வெயிலை நம்பிக் கொடி கட்ட முடியாது. காலையில் கொஞ்சம் வெளிக்கும். துணியை உதறிப் போட்டு முடிப்பதற்குள் மிஸ்ட் இறங்கிவிடும். தகரக் கொட்டகைக்குள் கொடி கட்டி, கீழே கரிச் சட்டி வைத்துக் காயவைத்த காலமும் உண்டு. துணி காய்ந்துவிடும், ஆனால் புகை வாசம் ஏறிவிடும். ஏப்ரல் சீசனில் கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் காலையில் கொடுத்த பெட்ஷீட்டை மறுநாள் கேட்பார்கள். அந்த நேரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. அதனால்தான் இரண்டு லட்சத்துக்கு மேல் போட்டு இதை வாங்கினேன்.

டிரையரில் பழைய வகை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு கம்பி சூடாகி, அந்தச் சூட்டுக் காற்று துணிக்குள் போகும். விலை குறைவு, சீக்கிரமும் காயும், ஆனால் கரண்ட் பில் நம்மால் தாங்க முடியாது. ஹீட் பம்ப் வேறு மாதிரி. பிரிட்ஜில் இருப்பது போல ஒரு கம்ப்ரஸர் இதற்குள்ளும் இருக்கிறது. துணியிலிருந்து வரும் ஈரக் காற்றைக் குளிரவைத்துத் தண்ணீரைப் பிரித்தெடுக்கும். பிறகு அதே காற்றைத் திரும்பச் சூடாக்கி உள்ளே விடும். சுவரைத் துளைத்து வெளியே குழாய் விடத் தேவையில்லை. பிரிந்த தண்ணீர் ஒரு டாங்கியில் சேரும், இழுத்துக் கொட்டிவிடலாம். முழு லோட் பருத்தித் துணிக்கு ஹீட் பம்ப் ஏறக்குறைய 2 யூனிட் எடுக்கும். கம்பி வகை 4 யூனிட்டுக்கு மேல் போகும். தினமும் ஓட்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலை 1 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் வீட்டு டிரையர்கள் நடைமுறையில் ஹீட் பம்பாகத்தான் இருக்க முடியும் என்கிற அளவுக்குச் சட்டம் இறுகிவிட்டது. ஆகவே கம்பி வகையை யாராவது மலிவாகத் தள்ளிவிடப் பார்த்தால் யோசித்து வாங்குங்கள்.

சூடு மிதமாக இருப்பதால் பெட்ஷீட்டின் எலாஸ்டிக் கெட்டுப்போவதில்லை. துவாய் நன்றாகப் பூத்து வருகிறது. நேரம் கூடுதலாக எடுக்கும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அப்புறம் நம்முடைய குளிர். ஹீட் பம்ப் என்றால் எந்தக் கம்பனி செய்ததாக இருந்தாலும் சுற்றியிருக்கும் காற்று ரொம்பக் குளிர்ந்திருந்தால் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஜனவரியில் புல்லில் உறைபனி விழுகிற விடியற்காலையில் வெளிக் கொட்டகையில் வைத்து ஓட்டினால் முதல் லோட் முடிய வெகு நேரமாகும். நான் அயர்ன் பண்ணுகிற அறைக்குள்ளேயே வைத்துவிட்டேன். அயர்ன் சூட்டில் அறை வெதுவெதுப்பாக இருப்பதால் மெஷினும் ஒழுங்காக ஓடுகிறது. ஒவ்வொரு லோடுக்குப் பிறகும் பஞ்சு வடிகட்டியைத் துடைக்க வேண்டும். கீழே இருக்கிற இரண்டாவது வடிகட்டியையும் மறக்கக் கூடாது. லொறியில் சாய்த்துப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால், இறக்கிய உடனே ஓட்டாமல் ஒரு நாள் நிமிர்த்தி வையுங்கள். கம்ப்ரஸர் எண்ணெய் தன் இடத்துக்கு வர வேண்டும்.

மெஷினில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதுவரை ஒரு ஸ்க்ரூகூடக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. நன்றாகச் செய்திருக்கிறார்கள். அதனால்தான் அடுத்த கேள்வி எனக்குக் கனமாக இருக்கிறது.

பெக்கோ என்பது துருக்கியின் ஆர்செலிக் நிறுவனம் விற்கும் சாமான்களின் பிராண்ட் பெயர். 1955இல் தொடங்கிய கம்பனி, கோச் குழுமத்தைச் சேர்ந்தது. 2024 ஏப்ரலில் அமெரிக்க வேர்ள்பூலின் ஐரோப்பிய வியாபாரத்தையும் தன்னோடு சேர்த்து பெக்கோ யூரோப் என்று ஒரு கம்பனியை அமைத்தார்கள். ஆர்செலிக்குக்கு 75 வீதம், வேர்ள்பூலுக்கு 25 வீதம். இரண்டு குடும்பம் ஒரே வீட்டுக்கு வந்தால் அடுப்பு இரண்டு எதற்கு என்று கேட்பார்கள் அல்லவா, அதுதான் நடந்தது. அந்த வருஷம் செப்டம்பரிலேயே போலந்தில் வூச், வ்ரோத்ஸ்வாஃப் தொழிற்சாலைகளை மூடப்போவதாகச் சொன்னார்கள். ஏறக்குறைய 1,800 பேருடைய வேலை. நவம்பரில் இத்தாலிக்கு வந்தார்கள். சியெனா, கொமுனான்சா தொழிற்சாலைகளை மூடுவது, கசினெத்தாவில் ஆட்களைக் குறைப்பது என்று மொத்தம் 1,900க்கும் மேற்பட்ட வேலைகளுக்குக் கத்தி வைத்தார்கள். ஐரோப்பாவில் விற்பனை மந்தம், ஆசியக் கம்பனிகளின் போட்டி, தேவைக்கு அதிகமான தொழிற்சாலைகள் என்று காரணம் சொல்லப்பட்டது. கொரோனா காலத்தில் வீட்டுக்குள் அடைந்துகிடந்த உலகம் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கிக் குவித்தது. அதற்குப் பிறகு வாங்குவது குறைந்தது. இந்த ஒரு கம்பனி மட்டும் இல்லை. ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ் 2023 அக்டோபரில் 3,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அமானா என்கிற ஊரில் வேர்ள்பூல் 2025இல் 651 பேரை நிறுத்துவதாக அறிவித்தது.

டிரையர் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று இதற்குள் இருக்கிறது. பிரான்சில் அமியான் என்கிற ஊரில் வேர்ள்பூல் டிரையர் தொழிற்சாலை இருந்தது. அதை மூடி உற்பத்தியைப் போலந்தின் வூச் நகரத்துக்குக் கொண்டுபோவதாக 2017 ஜனவரியில் அறிவித்தார்கள். கிட்டத்தட்ட 290 பேர் வேலை இழக்க வேண்டியிருந்தது. அப்போது பிரான்சில் ஜனாதிபதித் தேர்தல் காலம். ஏப்ரல் 26ஆம் தேதி வேட்பாளர் மக்ரோன் ஊருக்குள் தொழிற்சங்கக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, அவரை எதிர்த்து நின்ற லு பென் நேராகத் தொழிற்சாலை வாசலுக்குப் போய், நான் ஜெயித்தால் இதை மூட விடமாட்டேன் என்றார். பிறகு மக்ரோனும் அங்கே போனார். கூட்டம் கூச்சல் போட்டது. அவர் நின்று பேசினார், ஆனால் காப்பாற்றுவேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. 2018இல் தொழிற்சாலை மூடப்பட்டது. இடத்தை எடுத்து நடத்த வந்த புதிய கம்பனியும் 2019இல் திவாலானது. அமியானிலிருந்து வேலை எந்த ஊருக்குப் போனதோ அந்த வூச் நகரத்துக்குத்தான் 2024இல் அதே செய்தி வந்தது.

குறைந்த கூலிக்காக ஓர் ஊரிலிருந்து பிடுங்கி இன்னோர் ஊரில் நட்ட வேலை அங்கேயும் வேர் பிடிக்கவில்லை. பிரெஞ்சுக்காரர் வயிற்றில் அடித்துப் போலந்துக்காரர் பிழைத்தார் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தப் போலந்துக்காரரும் பத்து வருஷம் நிலைக்கவில்லை.

இத்தாலியில் நடந்தது எனக்குக் கொஞ்சம் தெம்பு தந்தது. சியெனாவில் வேலை செய்தவர்கள் 299 பேர்தான். ஆனாலும் விஷயம் அந்த 299 குடும்பங்களோடு நின்றுவிடவில்லை. வேலைநிறுத்தம், ஊர்வலம் என்று ஊரே சேர்ந்துகொண்டது. அரசாங்கமும் தன் அதிகாரத்தைக் காட்டிப் பேசியது. 2025 ஏப்ரலில் ரோமில் உடன்பாடு வந்தபோது யாரையும் கட்டாயமாக வெளியேற்றக் கூடாது, விரும்பிப் போகிறவர்களுக்குப் பணம் கொடுத்து அனுப்பலாம் என்று முடிந்தது. கொமுனான்சா தப்பியது. சியெனாவில் உற்பத்தி நிற்பதைத் தடுக்க முடியவில்லை, ஆனால் அந்த இடத்தில் வேறு தொழில் கொண்டுவருவதற்கு அரசுத் தரப்பும் பொறுப்பு எடுத்துக்கொண்டது. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். சத்தம் போட்டதால் மிஞ்சியது இவ்வளவு என்றாவது கணக்குக் காட்டலாம்.

சரி, நம் ஊரில் இதைக் கேட்டவர்கள் என்ன சொல்கிறார்கள்? லொண்டரிக்கு வருகிறவர்களிடம் நான் கேட்டதை எழுதுகிறேன்.

கெஸ்ட் ஹவுஸ் முதலாளி ஒருவர், "கம்பனி ஆட்டம் காணுது, இப்ப வாங்காதீங்க, கொஞ்ச நாள்ல விலை இறங்கும்" என்றார். விலை இறங்கும் என்பதற்கு நான் எந்த ஆதாரமும் பார்க்கவில்லை. தொழிற்சாலையை மூடுவது செலவைக் குறைப்பதற்கு. அந்த மிச்சம் ரம்பொடையைத் தாண்டி நுவரெலியாவுக்கு வந்து நம் கையில் சேரும் என்று நினைக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. இறக்குமதிச் சாமானின் விலையை இங்கே தீர்மானிப்பது டொலரும் வரியும்தான், 2022இல் அதை எல்லோரும் அனுபவித்தோம்.

கொழும்பில் எலக்ட்ரோனிக்ஸ் ஷோரூமில் நிற்கிற தம்பி ஒருவர் லீவில் வந்தபோது பயந்துபோய்க் கேட்டார், "அக்கா, எங்க சிங்கரையும் பெக்கோக்காரங்கதான் வாங்கிட்டாங்களாம், எங்களுக்கும் ஆட்குறைப்பு வருமா?" மலையகத்திலிருந்து எத்தனை பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் தகவல் பிழை. ஆர்செலிக் 2019இல் வாங்கியது பங்களாதேஷ் சிங்கரை. இலங்கைச் சிங்கர் 2017 முதல் ஹேலீஸ் குழுமத்திடம் இருக்கிறது. இங்கே பெக்கோ சாமான்களை அவர்கள் விற்கிறார்கள், அவ்வளவுதான். இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளையின் முகம் தெளிந்தது. அவருக்கு இன்னொன்றும் சொன்னேன். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில், ஒழுக்க நடவடிக்கை தவிர்ந்த காரணங்களுக்காக ஒருவரை நிறுத்துவதாக இருந்தால் அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அது. நெருக்கிக் கையெழுத்து வாங்க வந்தால் உடனே போட்டுவிடாதே என்றேன்.

மூன்றாவது பேச்சுதான் என்னை அதிகம் உறுத்தியது. துவாய் கொண்டுவந்த ஒரு மாமா சொன்னார், "அவங்களுக்கென்ன, நஷ்டஈடு கெடைக்கும், பேப்பர்ல வரும், மந்திரி வருவார். நம்ம தோட்டத்துல பேர் போனப்போ யார் வந்தா?"

அந்தக் கோபத்தை நான் தள்ளிவிட மாட்டேன். என் அம்மா தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ஒரு நாள் வேலைக்குச் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பதிவதைத்தான் நாங்கள் பேர் என்போம். கொழுந்து கிலோக் கணக்கு எட்டாவிட்டால் அரைப் பேர். தோட்டத்தில் ஆட்குறைப்பு என்று யாரும் அறிவித்ததே இல்லை. மலை துப்புரவு செய்யாமல் காடாகும். கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் பேர் குறையும். ஓய்வு பெற்றவர் இடத்துக்குப் புதிதாக ஆள் பதிய மாட்டார்கள். வீட்டில் இளையவர்கள் கொழும்புக்கு பஸ் ஏறுவார்கள். கடைசியில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் பத்து ஆட்கள் நிற்பார்கள். மிச்சம் ஆட்கள் எந்தத் தேதியில் வேலை இழந்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350 ஆனது, இரண்டும் பெரிய செய்தி. மாதத்தில் எத்தனை பேர் கிடைத்தது என்பது எந்தச் செய்தியிலும் வரவில்லை. சம்பளம் அந்த இரண்டையும் பெருக்கினால்தானே வரும். அறிவித்தல் ஒட்டாமல், கடிதம் கொடுக்காமல் நடக்கும் ஆட்குறைப்புக்கு எந்தச் சட்டத்தைக் காட்டி எங்கே போய்க் கேட்பது?

ஆனால் அந்த மாமா சொன்னதன் மற்றப் பாதியை நான் ஏற்கவில்லை. வூச்சில் டிரம் பொருத்திக்கொண்டிருந்த பெண்ணுக்கும் வீட்டு வாடகை இருக்கிறது, ஸ்கூல் போகிற பிள்ளை இருக்கிறது. நஷ்டஈட்டுப் பணம் சில மாதத்தில் கரையும். அவர்கள் சத்தம் போட்டுக் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்கள் என்றால், நமக்கும் அந்த அறிவித்தல், அந்தப் பேச்சுவார்த்தை, அந்தப் பணம் வேண்டும் என்று கேட்பதுதான் சரி. அவர்களுக்குக் கிடைத்ததே அதிகம் என்று சொன்னால் அது தோட்டக் கம்பனிகளுக்குத்தான் வசதி.

இதை எழுதும்போது என் கடைக்குள் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். மெஷின் வந்து இறங்கிய அன்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார், "மெஷின் வந்தாச்சு, இனி அந்த அக்காவை நிப்பாட்டிருவீங்களா?" துணி காயப்போடுவதற்கும் கரிச் சட்டியைப் பார்த்துக்கொள்வதற்கும் என்னோடு இருக்கிற அக்காவைத்தான் சொன்னார். அவர் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாங்கும்போதே கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன். காயவைக்கிற நேரம் குறைந்தால் இன்னும் இரண்டு கெஸ்ட் ஹவுஸ் எடுக்கலாம், எடுத்தால் அயர்னுக்கும் மடிப்புக்கும் கை வேண்டும். அந்தக் கை அக்காவுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது. இன்று அவர்தான் மெஷினை என்னைவிட நன்றாக ஓட்டுகிறார். எந்தச் சத்தம் சரி, எந்தச் சத்தம் சரியில்லை என்று அவருக்குத் தெரியும். ஆட்களை வைத்துக்கொண்டு மெஷின் வாங்க முடியாது என்று பெரிய கம்பனிகள் சொல்வதை நான் நம்பாததற்கு என் கடையே எனக்குப் போதுமான காரணம். அளவு வேறுதான், தெரியும். கணக்குப் போடும்போது ஆளையும் அதில் எழுதுகிறோமா என்ற கேள்விக்கு அளவு தடையில்லை.

பகிஷ்கரிக்க வேண்டுமா என்று கேட்டால், நான் வேண்டாம் என்பேன். நுவரெலியாவில் நாலு பேர் வாங்காவிட்டால் அந்தக் கம்பனிக்குத் தெரியப்போவதில்லை, தெரிந்தாலும் அடிபடுவது அடுத்த தொழிற்சாலையின் ஆட்கள்தான். வாங்குங்கள், ஆனால் சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். கம்ப்ரஸருக்கு எத்தனை வருஷ வொரண்டி, மற்றதுக்கு எத்தனை. பெல்ட், தண்ணீர் பம்ப், கதவு ரப்பர் இந்த மூன்றும் கொழும்பில் கையிருப்பில் இருக்கிறதா, ஓடர் போட்டுத்தான் வருமா. பழுதானால் மெக்கானிக் நம் இடத்துக்கு வருவாரா, மெஷினை நாம் கண்டிக்கு இறக்க வேண்டுமா. பின்பக்கத் தகட்டில் இருக்கும் மொடல் இலக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஐரோப்பாவில் 2021 முதல் வாஷிங் மெஷின்களுக்கு, அந்த மொடல் சந்தையை விட்டுப் போன பிறகும் முக்கியமான உதிரிப்பாகங்கள் பத்து வருஷம் கிடைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதி நம்மைக் கட்டாது, ஆனால் அங்கே பாகம் செய்கிறார்கள் என்றால் கேட்டு வரவழைக்கலாம். தொழிற்சாலை மூடினாலும் பாகம் எங்கிருந்து வரும் என்று எழுத்தில் கேளுங்கள். ஷோரூம் பிள்ளைக்குப் பதில் தெரியாது என்றால் அவரைத் திட்டாதீர்கள், மனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

எனக்கு இன்னும் கிடைக்காத ஒன்று, இந்த மேட்டுப் பக்கத்தில் ஹீட் பம்ப் டிரையரைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள். பிரிட்ஜ் மெக்கானிக் கம்ப்ரஸரைப் பார்ப்பார், வாஷிங் மெஷின் மெக்கானிக் டிரம்மைப் பார்ப்பார், இரண்டும் சேர்ந்த வேலைக்கு ஆள் குறைவு. கொழும்பில் இந்த வேலை பழகிவிட்டு ஊருக்குத் திரும்ப நினைக்கிற தம்பிமார் யாராவது ஹற்றனிலோ நுவரெலியாவிலோ ஒரு சின்ன இடம் போட்டால், முதல் வேலையை நானே கொடுக்கிறேன், பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்காரர்களிடமும் சொல்லி அனுப்புகிறேன்.